செந்தில் தோற்ற ஆட்டங்கள்

கிணத்துக்கடவில் என் சித்தி வீட்டு வீடியோ கேமை நினைத்தால் இன்றும் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பை அள்ளித் தின்றுவிட்டு, கையைத் துடைத்ததாகப் பேர் பண்ணிக்கொண்டு, நானும் சித்தி மகன் செந்திலும் டிவி முன்னால் சண்டை போட உட்காருவோம்.

கேம் பெட்டி அவனுடையது. அவன் என்னைவிட இளையவன். நான் கோயமுத்தூரிலிருந்து முழுப்பரீட்சை லீவுக்குப் போனவன், அப்படியொரு சண்டை விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "இது குத்து, இது உதை, பின்னால இழுத்துப் பிடிச்சா அடி படாதுங்ணா" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். முதல் நாள் தோற்றுத் தோற்று, "ரிமோட்டை" வீசிவிட்டு, ஊருக்குப் போகிறேன் என்று அழுதேன். மறுநாளிலிருந்து நான்தான் ஜெயித்தேன். தடுப்பதாவது ஒன்றாவது, எல்லாப் பட்டனையும் போட்டு அமுக்குவேன், அவன் ஆள் பொத்தென்று விழுவான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முன்னால் அவனை ஆடத் தெரியாத "டொக்கு" என்று கூப்பிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்தைப் போடுவான்.

லீவு முடியப் போகும் சமயம், நான் குளித்துவிட்டு வரும்போது அவன் பக்கத்து வீட்டுப் பையனோடு ஆடிக்கொண்டிருந்தான். செந்திலின் ஆள் மேல் ஒரு அடிகூட விழவில்லை. என்கூட ஏன் இப்படி ஆடுவதில்லை என்று பிறகு தனியாகக் கேட்டேன்.

"அம்மா திட்டுவாங்கண்ணா. ஊட்டுக்கு வந்தவிங்கள அழ உடக்கூடாது சாமி, உட்டுக்குடுத்து ஆடுன்னு சொல்லிப்போட்டாங்க."

"யார்கிட்டயும் சொல்லீராத" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. அன்று மத்தியானமும் ஆடினோம், ஜெயித்தேன், எல்லாம் தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது.

அந்தக் களத்தில் இப்போது வாடகைக்கு விட்ட கடைகள். பெரிய டிவியும் ஒயர் வைத்த ரிமோட்டும் எந்தக் காயலான் கடைக்குப் போயினவோ, தெரியவில்லை. போன மாதம் செந்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். என் மகளின் கேமைப் போட்டு, "இந்தவாட்டி நெசமா ஆடு" என்றேன். ஆடினான். என் ஆளை எழவே விடவில்லை. மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது, முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் செந்தில் தோற்றான். இந்த முறை வீட்டுக்கு வந்தவன் அவன்.

"உங்கப்பா நல்லா ஆடறாரு அம்மணி" என்றான் மகளிடம். நான் மறுத்துப் பேசவில்லை.