தண்ணீர் வந்த பிறகு

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்து பிழைத்தது எங்கள் குடும்பம். ஊர்க் கிணற்றில் எங்கள் தெருக்காரர்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது. கோடையில் குட்டைத் தண்ணீர்தான். அதைக் குடித்து வயிற்றுப்போக்கு கண்டு என் அண்ணன் மகள், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த குழந்தை, இறந்துபோனாள்.

அதோடு அண்ணி படுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிழைக்க மாட்டார் என்றே நினைத்தோம். ஒருநாள் காலை தானாகவே எழுந்தார். கேப்பைக் கூழை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டுக் கடப்பாரையோடு கொல்லைக்குப் போனார்.

"இன்னா பண்ணப் போற?" என்று அண்ணன் பதறினார்.

"கெணறு தோண்டப் போறேன். இந்தத் தெருவுல இன்னொரு புள்ள குட்டைத் தண்ணி குடிச்சி சாவக் கூடாது."

வயல் வேலை முடிந்து வந்து தினமும் தோண்டினார். பரிதாபப்பட்டுப் பார்த்தவர்கள் பிறகு மண் சுமக்க வந்தார்கள். நானும் சுமந்தேன். பாறை தட்டியபோது நாங்கள் சோர்ந்து உட்கார்ந்துவிட்டோம். "இதுக்குக் கீழதான் தண்ணி படுத்துக்கினு இருக்குது" என்று அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வேட்டு வைக்க ஆள் கூட்டி வந்தோம். ஊற்று பீறிட்டது. அண்ணி முதல் குடத்தைச் சுமந்துபோய்க் குழந்தையைப் புதைத்த இடத்தில் ஊற்றிவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.

"எங்க தெருவுலயும் இதே கதிதாங்க. அந்தம்மா வந்து கூட நின்னா எங்காளுங்களுக்குத் தெம்பு வரும்."

"நான் போயி வர்றேனே" என்றார் அண்ணி, மெல்ல.

"அவ பட்டது போதுங்க. வூட்ல குந்தட்டும்" என்று அண்ணன் அவர்களை அனுப்பிவிட்டார். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவ்வளவு பாசம் அவர்மேல்.

அன்றிலிருந்து அண்ணி குடிக்கிற கூழ் பாதி மிஞ்ச ஆரம்பித்தது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்து, அவரை எழுப்பி நடமாட வைத்த ஒரே காரியத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டோமே என்ற வேதனை இந்த வயதிலும் எனக்கு ஆறவில்லை.