என் மகள் அக்காவிடம்தான் சாப்பிட்டாள்

கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும் இந்த மலரில் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணை கேட்டார். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அக்காவில் எனக்கிருந்த எரிச்சலை விட்டுவிட்டு எழுதினால், அது வேறு யாரோ ஒரு அக்காவைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அக்கா வடமராட்சியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நாட்டுச் சண்டையில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் தனி ஆளாகக் கனடா வந்து சேர்ந்தார். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று வேலை செய்து, அண்ணையையும் என்னையும் இங்கே கூப்பிட்டு எடுத்தார். கலியாணம் கட்ட நேரம் கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டு சொல்வார். முதுகு வருத்தத்தால் தொழிற்சாலையை விட்ட பிறகு, மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தில் காலை உணவு அறையைப் பொறுப்பெடுத்தார். மணி அடிக்க முதல் எந்தப் பிள்ளையும் அங்கே போய்ச் சாப்பிடலாம். ஏன் வீட்டில் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

என் மகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். வீட்டில் அவளுக்கு ஒரு வாய் இறங்காது. நான் விடிய எழும்பி இடியப்பமும் சொதியும் வைத்தால் முகத்தைத் திருப்புவாள். பிட்டு வைத்து அனுப்பிய பெட்டி அப்படியே திரும்பி வரும். பிள்ளைக்கு நிறை காணாது என்று டொக்டர் சொன்னபோது எனக்கு மானம் போனது. ஒருநாள் அவள் விட்டுவிட்டுப் போன, விளையாட்டுக்குக் காலில் போடும் சப்பாத்தைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே அக்காவின் அறையில் என் பிள்ளை வாட்டிய ரோஸ்ட் பாணைக் கடித்துக்கொண்டு, வாயெல்லாம் யோகர்ட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பின்னேரமே அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அவளுக்கு என்னத்தைப் போட்டுக் குடுக்கிறியள்?”

“பாணும் சீஸும்தான். வேற என்ன?”

“அப்ப ஏன் என்ரை சாப்பாட்டைத் தொடுறாளில்லை?”

“நீ முன்னால குந்தியிருந்து அவளின்ரை வாயைப் பாக்கிறாய். நான் மேசையில வைச்சிட்டு, அங்கால திரும்பி நிண்டு கோப்பை கழுவுறன். பசிச்சா பிள்ளையள் தானா எடுக்குங்கள்.”

இது ஒரு பதிலா? எங்கள் வீடுகளில் பிள்ளை சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பதுதானே பாசம்? என்றாலும் அடுத்த நாள் நானும் திரும்பி நின்று கோப்பை கழுவிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை, எட்டிப் பார்த்தேன். வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை மகள் கீழே வைத்துவிட்டாள்.

அக்காவிடம் அந்தப் பொறுமை இருந்தது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, ஹலால் மட்டும் சாப்பிடும் பிள்ளை, எல்லோருக்கும் பார்த்துப் பார்த்து வைப்பார். வகுப்புச் சோதனைக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லமாட்டார், பக்கத்தில் இருத்தி அப்பிள் வெட்டித் தரச் சொல்லுவார். வெட்டுகிறவள் தானாக ஒரு துண்டை வாயில் போடுவாள். அப்படிச் சாப்பிட்டவர்கள் வளர்ந்து, அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று வரிசையாக வந்து, “எங்கட அன்ரி” என்று அழுதார்கள். கூடப் பிறந்த நான் ஒரு ஓரமாக நின்றேன்.

கடைசி நாட்களில் ஆசுபத்திரியில் அக்காவுக்குச் சாப்பாடு வெறுத்துப்போனது. நான் சூப் கொண்டுபோய்க் கரண்டியை வாய்க்குக் கிட்டப் பிடித்தால், “அங்க வை, பிறகு குடிக்கிறன்” என்பார். குடிக்கமாட்டார். ஒருநாள் மகள் வந்தாள். இப்போது அவள் பதினோராம் வகுப்பு. அரைத்த அப்பிள் ஒரு சின்னக் கோப்பையைக் கட்டில் தட்டில் வைத்துவிட்டு, யன்னலடியில் போய் நின்று பனி கொட்டுவதைப் பார்த்தாள். அக்கா தானே கரண்டியை எடுத்தார். கோப்பை வெறுமையானது.

யாரில் பொறாமைப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அக்கா என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார், என் பிள்ளை என் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் நான் சூப் போத்தலோடு இருந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அக்கா நித்திரையிலேயே எங்களை விட்டுப் போனார்.

அக்காவை மனம் கோணாமல் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவு வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சமைத்துத் தந்த அயலவருக்கும், பள்ளிக்கூட ரீச்சர்மாருக்கும், அன்ரியைத் தேடி வந்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது.

இப்போது மகள் தன் ஹைஸ்கூலுக்குப் போக முதல் பழைய பள்ளிக்கூடத்தின் அந்தக் காலை உணவு அறைக்குப் போய் உதவுகிறாள். நேற்றும் வாசலில் மறித்தேன்.

“ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போவன் பிள்ளை.”

“லேட் ஆகுது அம்மா. பெரியம்மாவின்ரை இடத்தில ஆக்கள் இல்லை. நான் அங்க சாப்பிடுறன்.”

அக்கா, என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. என் பிள்ளையைச் சாப்பிட வைத்ததற்கும் நன்றி. இனியாவது அவளை எனக்கு விட்டுத் தாருங்கள்.

உங்கள் தங்கை