ரெய்னெரியோ கையை எடுத்த கச்சேரி

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எங்கள் குழுத் தலைவன்மேல் பாதி, என்மேல் பாதி.

ரெய்னெரியோ அண்ணன் விடிகாலையில் எங்கள் ஊர் குவானபகோவாவில் ஒரு பேக்கரியில் மாவு பிசைவார். மத்தியானம் எங்கள் ஜாஸ் குழுவில் கொங்கா மேளம்; பக்கத்தில் நான், பாஸ் கிட்டார். இருபத்தெட்டு வருஷம் இதே பாடு. ஒரே மகள் யாமிலே மட்ரிட் போய் ஒன்பது வருஷமாகிறது. பேரனை போனில்தான் பார்த்திருக்கிறார். குழுவுக்கு மட்ரிட் கச்சேரி அமைந்ததும், மனுஷன் புதுச்சட்டை தைத்துக்கொண்டார்.

குழுத் தலைவன் ஒஸ்வால்தோ, பியானோக்காரன். விரலில் அசுர வேகம், இல்லை என்று சொல்ல மாட்டேன். திமிரும் அதே வேகம்தான். எங்கள் ஊர் ரும்பா தாளத்தில் தொடங்குவான், நடுவில் ஏழு எண்ணிக்கைக்குத் தாவுவான், சுற்றிவிட்டு ரும்பாவுக்கே திரும்புவான்.

அந்தத் திரும்பலில்தான் வினை. ரும்பாவுக்கு அடியில் ஓடும் கிளாவே தாளத்தில் மூன்று தட்டு ஒரு பக்கம், இரண்டு தட்டு மறுபக்கம். பாட்டு முடியும்வரை அந்த வரிசை புரளக் கூடாது. தப்பாக நுழைந்தவன்தான் வழிக்கு வர வேண்டும்.

மட்ரிட் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு பகல் கச்சேரியில் ஒஸ்வால்தோ தப்பான பக்கம் வந்து இறங்கினான். மாறிக்கொள் என்று அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினான். அவர் மேளத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரங்கமே கையால் கிளாவே தட்ட ஆரம்பித்தது. பியானோ திணறித் திணறி வழிக்கு வந்தது.

பின்னறைக்குள் நுழைந்ததும் ஒஸ்வால்தோ சீறினான்.

"மானத்த வாங்கிட்டீங்கண்ணே. தாளத்தப் புரட்டினது நீங்க."

"புரட்டினது நீ, தம்பி. வாசல்ல கடலை விக்கிறவனுக்கே தெரியும்."

"அப்படியா? பெலாயோ, நீ பக்கத்துலதானே பாஸ் வாசிச்சே. யார் புரட்டினது, சொல்லு."

என் பாஸ்போர்ட் விசாவுக்காக அவன் பையில் இருந்தது.

"எனக்குச் சரியா கேக்கல மாஸ்டர்," என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ் வாசிக்கிறவனுக்குத் தாளம் கேக்கலையாம். நல்லா போய்ட்டு வாடா."

மறுநாள் மட்ரிட் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தலையாட்டிப் பயல் ஒருவன் அவர் இடத்துக்கு வந்தான். நானும் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறினேன்.

மட்ரிட்டில் அரங்கத்தின் பின்வாசலில் யாமிலே நின்றிருந்தாள், குழந்தையின் கையைப் பிடித்தபடி.

"பெலாயோ மாமா, அப்பாவ ஏன் கூட்டிட்டு வரல? போன்ல கேட்டா எதுவும் சொல்ல மாட்டேங்கிறாரு. பெலாயோவக் கேளு, அவன் பக்கத்துலதான் நின்னான்கிறாரு."

உள்ளே மணி அடித்தது. "நேரமாச்சும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.