அவங்களுக்கும் சம்மதம்தான்

எனக்கும் என் கணவருக்கும் பெரிய சண்டை எதுவும் கிடையாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவர்தான் சொல்வார். குரோம்பேட்டை டாக்டர் "எங்கம்மா வலிக்குது?" என்று என்னைக் கேட்டால், "இடது பக்கம் சார்" என்பார் இவர். வலி வலது பக்கம் இருக்கும். பல வருஷம் இப்படி ஓடிய பிறகு, பிரிந்துவிடலாம் என்றேன். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. ஒப்புக்கொண்டார்.

நான் பொழிச்சலூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இருவருக்கும் ஒரே வக்கீலம்மா. செங்கல்பட்டு கோர்ட்டில் மனுப் போட்டோம். சில மாதம் காத்திருந்து, மறுபடி நேரில் போய் இருவரும் சம்மதம் என்று சொன்னால் முடிந்தது.

அந்த நாளும் வந்தது. அவர் சம்மதம் சொன்னார். நீதிபதி என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அவங்களுக்கும் சம்மதம்தான் சார்."

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க ஐயா."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"யாராவது மிரட்டினாங்களாம்மா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க. யோசிக்கணும்."

வழக்கைத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்ததும் வக்கீலம்மா, "என்ன மேடம், கடைசி நேரத்துல இப்படிப் பேஜார் பண்றீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். என் கணவர் வெளிறிப்போயிருந்தார்.

"அப்போ... திரும்ப வந்துடப் போறியா?"

"வரமாட்டேன்."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"டைவர்ஸ்."

"அதைத்தானே நானும் உள்ள சொன்னேன்!"

"நீங்க சொன்னீங்க. அதான் பிரச்னை."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. வக்கீலம்மாவுக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

அடுத்த முறை நீதிபதி என்னைக் கேட்டபோது, என் கணவர் உதட்டைக் கடித்தபடி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். இருமினேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"சம்மதம்" என்றேன்.

தாம்பரம் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்சம் அழுகை வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் அவர் முகம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா, "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்றாள். ஆமாம் என்றேன்.