அடுப்பக்காவும் அணையாத அடுப்பும்

கடையில் அவளை எல்லோரும் அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை. கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டி, வாங்க வைப்பது அவள் வேலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்கு இரண்டு வாய். வெறும் வெந்நீரைக் காட்டியே ஆளை விழவைத்துவிடுவாள்.

அந்த வருடம் கம்பெனியிலிருந்து புது கரண்ட் அடுப்பு வந்தது. பளபளவென்று கறுப்புக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் தொட்டால் போதும். அதை வடிவமைத்த அதிகாரியே வந்து பயிற்சி கொடுத்தார். லாரியில் ஏற்றிக் குலுக்கினார்களாம். மேலே இரும்புக் குண்டைப் போட்டார்களாம். ரப்பர் விரல் ஒன்றால் லட்சக்கணக்கான தடவை தொட்டுப் பார்த்தார்களாம். பாவம், அந்த விரல் ஒருநாளும் சமைத்ததில்லை.

அடுப்பக்கா விற்றுத் தள்ளினாள். கம்பெனி மனம் குளிர்ந்து ஒரு அடுப்பை அவளுக்கே பரிசாகக் கொடுத்தது.

மறுநாள் காலை அவள் மாமியார் அதில் பால் வைத்தார். பாலுக்கு என்ன தெரியும்? வழக்கம்போல் பொங்கி, நேராகத் தொடும் இடத்தின் மேலேயே வழிந்தது. மாமியார் அணைக்கத் தொட்டார். ஈர விரலை அடுப்பு மதிக்கவே இல்லை. அடுப்பக்கா ஓடிவந்து துணியால் துடைத்தாள். அந்தத் துணியை மட்டும் விரல் என்று நம்பி, அடுப்பு சூட்டைக் கூட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கலாமென்றால், கம்பெனி சிக்கனமாக அரை முழம் வயர் கொடுத்திருந்தது. பிளக் இருந்ததோ கொதிக்கிற பாத்திரத்துக்குப் பின்னால். மாமியார் எட்டிப் பிடுங்கினார். மணிக்கட்டில் கொப்புளம் எழும்பியது.

மருமகள் மருந்து தடவும்போது அவர் நிதானமாகக் கேட்டார்.

"ஏம்மா, இதைச் செஞ்சவன் வீட்ல யாருமே பால் காய்ச்ச மாட்டாங்களா?"

அடுப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக இருக்கும் ஒரு பெரியவரிடம் போன வாரம்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லி இதே அடுப்பைக் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த முகம் நினைவுக்கு வந்தது.

அதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பால் பொங்குவது இயல்பான பயன்பாட்டில் சேராது என்று விளக்கினார். ஆனாலும் கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஆராய்ந்து தீர்வு கண்டு அனுப்பியது: 'பொங்க விடாதீர்கள்' என்று ஒரு ஸ்டிக்கர். ஒட்டச் சொன்ன இடம் பாத்திரத்தின் பக்கத்திலேயே இருந்ததால், இரண்டு சமையலில் அது கருகிப் போனது.

அதன்பிறகு யார் வந்து கேட்டாலும் நடந்ததை அப்படியே சொன்னாள். விற்பனை படுத்துவிட்டது. அவளைவிட வயதில் சின்னவரான மேனேஜர் வந்து, "அக்கா, உண்மையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று கெஞ்சினார். அவள் கேட்காததால், எப்படி விற்க வேண்டும் என்று காட்ட அதிகாரியே கிளம்பி வந்தார்.

கடை நிறையக் கூட்டம். பால் ஊற்றச் சொன்னதும் அவரேதான். கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்க வேண்டுமாம். வேண்டாம் சார் என்று அவள் தடுத்துப் பார்த்தாள். அவர் பாலை வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கண்ணாடியின் பெருமையைப் பேச ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காத பால், முதுகைக் காட்டினால் பொங்கிவிடும். இது சமையலறைக்குள் நுழைந்த யாருக்கும் தெரியும்.

பொங்கியது. அதிகாரி ஒரு விரலால் தொட்டார், பிறகு ஐந்து விரலாலும் தொட்டார். கைக்குட்டையால் துடைத்ததும் சூடு உச்சத்துக்குப் போனது. அடுப்பக்கா முன்யோசனையாக நீள வயர் போட்டு வைத்திருந்த பிளக்கைக் குனிந்து பிடுங்கினாள். முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா, மண்ணெண்ணெய் அடுப்பு கிடைக்குமா என்று மேனேஜரை விசாரித்தார்.

சட்டைக் கையில் பால் சொட்ட நின்ற அதிகாரியிடம் அடுப்பக்கா ஒரு துண்டை நீட்டினாள். அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"எங்க வீட்ல சமையல்காரர்தான் எல்லாம் பாத்துக்குவார்."

"அவர்கிட்ட ஒரு அடுப்பைக் கொடுத்திருந்தாலே போதுமே, சார்."

அடுத்த வருடம் முன்பக்கம் திருகுகிற குமிழ் வைத்த அடுப்பு வந்தது. புரட்சிகரமான கண்டுபிடிப்பு என்று விளம்பரம், விலையும் புரட்சிக்கேற்ப. கேட்டவர்களுக்கு மட்டும் பழையதை மாற்றிக் கொடுத்தார்கள். கேட்கலாம் என்று யாருக்கும் சொல்லவில்லை. அடுப்பக்கா இத்தனை நாளாக விசாரித்து, ஒருவழியாக அந்தப் பெரியவர் வீட்டைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லப் போனாள். அவர் முதல் நாளே பயந்து, அடுப்பின் மேல் ரேடியோவை வைத்திருந்தார். ஆடாமல் நிற்கிறது, நல்ல சாமான் என்று பாராட்டவும் செய்தார்.

இப்போது எந்தப் புதுச் சாமானையும் ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அவள் விற்பதில்லை. மேனேஜரும் பழகிவிட்டார். சோதனைக்கூடம் மாமியாருடையது; சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. இந்த வாரம் ஒரு வெந்நீர்க் கெட்டில் வந்திருக்கிறது. மூடி திறக்கும் பொத்தான் கைப்பிடியில், ஊற்றும்போது கட்டைவிரல் போய் நிற்கும் அதே இடத்தில் இருக்கிறது.

"கம்பெனில சொன்னா என்ன சொல்வாங்க?" என்று கேட்டார் மாமியார்.

"கட்டைவிரலை மாத்தச் சொல்வாங்க, அத்தை."