மேற்குப் பக்கத்து வெயில்

நான் வடிவமைத்த பல்கலைக்கழகக் கட்டடத்தில் இன்று கரண்ட் போய்விட்டது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. புழுக்கம் தாங்காமல் மாணவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். இதே சத்தத்தைச் சின்ன வயதில் கீரனூரில் கேட்டிருக்கிறேன்.

அங்கே கல்லூரி கட்டிய இன்ஜினியர் என் அப்பா. ஒருநாள் அம்மாவும் நானும் சாப்பாடு கொண்டுபோனபோது வகுப்பு புளியமரத்தடியில் நடந்தது.

"என்னங்க, ஒங்க கட்டடத்துல ஒருத்தரையும் காணோம்?" என்றாள் அம்மா.

அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. காலி வகுப்பறைத் தரையில் வெயில் எதுவரை வருகிறதென்று சாயங்காலம் வரை சுண்ணாம்பால் கோடு போட்டார். அடுத்த கோடைக்குள் மேற்கே அகலமான தாழ்வாரம் இறக்கினார்.

"ஜெனரேட்டரைப் போடச் சொல்லவா மேடம்?" என்று என் கட்டடத்து வாசலில் நின்ற காவலாளி கேட்டார்.

"வேணாங்க. கொஞ்சம் சுண்ணாம்பு கெடைக்குமா?" என்றேன்.