அலமாரிக்குள் போன டிரைவர்

டிப்போவில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர். முப்பத்தொரு வருடம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவர்; முன்சீட்டுக் கம்பியில் முட்டிக்கொண்ட பயணிகள் வைத்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகு, சலூனுக்குப் போய்த் திரும்பும் ஐந்து நிமிட நடையில் மூன்று முறை வழி தவறினார். மூன்றாவது முறை, யார் வீட்டிலோ செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டதும் மகள் முதல் வேலையாக அப்பாவின் வாயை மோந்து பார்த்தாள்.

அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. குடித்துவிட்டு ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர்.

டாக்டரிடம் இழுத்துப்போனாள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், சற்றுமுன் சொன்ன மூன்று சொற்கள் என்ன என்றெல்லாம் கேட்டார் டாக்டர். எல்லாவற்றுக்கும் சரியான பதில். கேட்காமலே தன் தடத்தின் இருபத்தேழு நிறுத்தங்களையும் வரிசையாக ஒப்பித்தார். ஞாபகசக்தி எனக்கே இப்படி இல்லை என்று சிரித்தார் டாக்டர்.

"அப்போ இத்தனை நாளா நடிச்சீங்களாப்பா?" என்றாள் மகள்.

பிரேக் விருட்டென்று எழுந்து கதவைத் திறந்தார். அது ஆளுயர மருந்து அலமாரி. திரும்பினால் தோற்றதாகிவிடுமே என்று ஊசிப் பெட்டிகளை முறைத்தபடி அப்படியே நின்றார்.

டாக்டரின் சிரிப்பு அடங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் பழுதாகி, அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். நிறுத்தங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, அவற்றை இணைக்கும் சாலைகள்தான் பெயர்ந்துகிடக்கின்றன என்று விளக்கினார் டாக்டர். ரத்த அழுத்த மாத்திரையை விடக்கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்றார்.

மகள் வழியெல்லாம் அழுது மன்னிப்புக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டில் பூட்டு தொங்கவிட்டாள். பாசம் பெருகினால் பூட்டுக் கடைக்காரருக்குத்தான் யோகம்.

"ஸ்கேனுக்கு முன்னாடி பொய்யன், அப்புறம் கைதி. நடுவுல ஒரு நாளாவது மனுஷனா விட்டியாம்மா?"

"நீங்க தொலைஞ்சுட்டா நான் எங்கப்பா போய்த் தேடுவேன்?"

"தேடாதே. பின்னாடியே வா."

நாலாம் நாள் அவளே பூட்டைத் திறந்தாள். நிபந்தனை மட்டும் அவருடையது: கண்டக்டர் டிரைவருக்கு வழி சொல்லக் கூடாது. விசில்தான். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ.

சலூனுக்கு மருந்துக்கடை முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் கம்பீரமாக வலப்பக்கம் திரும்பினார். ஒற்றை விசில். சடாரென்று நின்றார். பின்னால் வந்தவள் அவர் முதுகில் முட்டி மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் மெல்ல இடப்பக்கம் திரும்பினார். ஆனால் நகரவில்லை.

"ரெண்டு விசில் அடிக்காம வண்டி எப்படி கிளம்பும்? டூட்டில தூங்குறியா?"

அடித்தாள். சலூன் வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே போனார்.